முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை

ராத்மிலா வல்கோவாவை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியபோது நான் வாசலில் நின்று புகைத்துக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலியோடு ஓடிவந்த ஊழியனை அந்த அம்மாள் வாயைத் திறந்ததுமே குதறிவிட்டார்.

"மெதுவா தூக்குடா, நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா? முதுகை நிமித்து! இப்பவே கூன் போட்டா உங்க அப்பன் வயசுல தரையை நக்கிட்டுத்தான் நடப்பே."

எழுபதைத் தாண்டியவர். இழுத்துக் கட்டிய கொண்டை, சிவப்பு உதட்டுச் சாயம், ஆணி அடித்தது போன்ற முதுகு. வலது முழங்காலில் புது மூட்டு வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தையல்மேல் போட்ட கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.

பழைய மலை என்கிற மலைத்தொடரின் அடிவாரத்தில், வெந்நீர் ஊற்றின் மேலேயே கட்டியது எங்கள் மருத்துவமனை. நகரத்தில் அறுத்துத் தைத்து இங்கே அனுப்பிவிடுவார்கள். அவர்களை நடக்க வைப்பது எங்கள் பாடு. நான், ரங்கேல், மசாஜ் பிரிவில் இருக்கிறேன். பக்கத்தில் உடற்பயிற்சிக் கூடம். நடுவில் தோள் உயரச் சுவர்தான் என்பதால் அங்கே யார் முனகினாலும் யார் திட்டினாலும் எனக்குக் கேட்கும். கூடத்துக்குப் பொறுப்பு இஸ்க்ரா.

இஸ்க்ராவைப் பார்த்து நோயாளிகள் பயப்படுவார்கள், அப்புறம் சாமி போலக் கும்பிடுவார்கள். ஓங்கிப் பேச மாட்டாள். ஆனால் மடங்க வேண்டிய மூட்டை மடக்காமல் விடமாட்டாள். எந்த வலி காயத்தின் வலி, எந்த வலி பழகாத தசையின் வலி என்று அவள் கைக்குத் தெரியும். முதலாவதுக்கு உடனே நிறுத்துவாள். இரண்டாவதுக்கு, "தெரியுது, தெரியுது, இன்னும் கொஞ்சம்" என்பாள்.

அன்று மதியம் பீன்ஸ் சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு வாய்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"அண்ணே, ஏழாம் நம்பர் அறைக்கு வந்திருக்காங்களே... அவங்கதான்."

அவங்கதான் என்றால் எனக்குப் புரியும். பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்கிறோம். துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறாள்.

இஸ்க்ரா சின்ன வயதில் ரிப்பனும் வளையமும் வைத்து ஆடுகிற ஜிம்னாஸ்டிக்ஸில் இருந்தவள். நகரத்துக் கழகத்தில் ராத்மிலாதான் பயிற்சியாளர். வல்கோவா என்ற பெயருக்குள் எங்கள் மொழியில் ஓநாய் இருக்கிறது. பிள்ளைகள் அந்த அம்மாளை அப்படித்தான் முதுகுக்குப் பின்னால் அழைப்பார்களாம். கால்களை விரித்துப் படுக்கவைத்து முதுகின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அழுகிற பெண்ணிடம், "வலிங்கறது சோம்பேறிங்க பேசற பாஷை. எனக்கு அந்தப் பாஷை தெரியாது" என்பார். பதின்மூன்று வயதில் இஸ்க்ராவுக்கு இடுப்புக்கு மேலே கத்தி செருகியது போல ஒரு வலி வந்தது. சொன்னாள். குதிக்கச் சொன்னார். மறுபடி சொன்னாள். எல்லார் முன்னாலும் அவளைப் போல நொண்டி நடந்து காட்டினார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். போட்டியின் அன்று ஒரு தாவல் தாவி இறங்கியதும் இடது கால் தன்னுடையதாக இல்லாமல் போனது. முதுகெலும்பு ஒன்றில் விரிசல். இஸ்க்ராவின் அம்மா வந்து சேர்வதற்குள் அவள் பையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டார் ராத்மிலா. "உடைஞ்ச சாமானை நான் வெச்சுக்கறதில்ல."

அதற்குப் பின் இரும்புப் பட்டை வைத்த இடுப்புக் கட்டும் படுக்கையும்தான். அசையாதே என்றார்கள். அசையாமல் கிடந்தாள். எலும்பு என்னவோ கூடிவிட்டது. வலி மட்டும் போகவில்லை, வளர்ந்தது. தும்மினால் வலி, செருப்பு மாட்டினால் வலி, நாளைக்கு வலிக்குமே என்று நினைத்தாலே வலி. வாலிபமே அப்படிப் போனது. கடைசியில் இங்கே வந்துதான், மார்பளவு வெந்நீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை போல நடக்கத் தொடங்கினாள். அசைந்தால் உடைந்துவிடுவோம் என்ற பயம் முதலில் கரைந்தது. வலி அதன் பின்னாலேயே மெல்ல நகர்ந்தது. முழுசாகப் போகவில்லை. இன்றைக்கும் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து பாயை விரித்து உடம்பை ஒவ்வொரு மூட்டாக எழுப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். ஒருநாள் விட்டால் முதுகு மறுநாளே வந்து கதவைத் தட்டும்.

"உன்னை அடையாளம் தெரிஞ்சுதா அவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பேரைக் கேட்டாங்க. சொன்னேன். 'எங்கிட்டயும் ரெண்டு மூணு இஸ்க்ரா இருந்தாளுங்க, ஒண்ணும் தேறல'ன்னாங்க." கரண்டியைச் சூப்பில் போட்டாள். "முகத்தைப் பார்த்துட்டே சொன்னாங்க அண்ணே."

"வேற யார்கிட்டயாவது மாத்திவிடு. நீ தொடவேண்டாம்."

"இல்ல" என்றாள். "நானே பார்த்துக்கறேன்."

மறுநாள் நான் எட்டிப் பார்த்தேன். ஏதோ வன்மம் நடக்கும், மூட்டை முறுக்கி அலறவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். இஸ்க்ரா அந்தக் காலைப் பூப்போலத் தாங்கிக்கொண்டிருந்தாள். குதிகாலை மெத்தைமேல் ஒரு சாண் இழுத்தாள். ராத்மிலாவின் புருவம் சுருங்கியதும் விட்டுவிட்டாள்.

"போதும் மேடம். எவ்வளவு உழைச்ச கால் இது. பாவம், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

அப்புறம் ஒரு தலையணையை எடுத்து, தட்டி மெத்தென்று ஆக்கி, முழங்காலுக்கு அடியில் வைத்தாள்.

"ஆஹா" என்று கண்ணை மூடினார் ராத்மிலா. "சொர்க்கம்."

எங்கள் மருத்துவமனையில் தரை துடைக்கிறவர்கூட அந்தத் தலையணையைப் பார்த்தால் பிடுங்கி எறிவார். புது மூட்டு வைத்த கால் கொஞ்சம் மடங்கின நிலையில் இருக்கத்தான் ஆசைப்படும். தலையணை வைத்தால் வலி உடனே அடங்கும். ஆனால் மடிப்பில் இருக்கிற சதையும் நரம்பும் அப்படியே சுருங்கி உறைந்துபோகும். சில வாரம் போனால் அந்தக் கால் நீளவும் நீளாது, மடங்கவும் மடங்காது. வலிக்க வலிக்க நீட்டினால்தான் பிழைக்கும். முதல் நாளே இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுகிறவள் இஸ்க்ரா.

சாயங்காலம் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பண்றேன்னு தெரியுதா உனக்கு?"

"நான் அவங்களை ஒரு விரலாலகூட நோகடிக்கலையே அண்ணே."

"அதைத்தான் கேக்கறேன்."

"மத்தவங்க எல்லாம் நான் அரக்கின்னு புகார் சொல்றாங்க. ஒரே ஒருத்தராவது நல்லவன்னு சொல்லட்டுமே." சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

ராத்மிலா சொன்னார்தான். சாப்பாட்டு அறையில் ஊருக்கே கேட்கச் சொன்னார். "அந்தப் பொண்ணுக்குத் தங்கக் கை! நீங்க எல்லாம் ஆடு மாதிரி கத்தறீங்க, எனக்கு ஒரு முள் குத்தின வலிகூட இல்ல." தோள்பட்டை முறிந்து வந்திருந்த ரொட்டிக்கடைக்காரர் மெத்தோதி அந்தக் கையைத் தூக்கிக் காட்டி, "எனக்கு ஏன்மா அந்தத் தங்கத்துல கொஞ்சம் தரமாட்டேங்கறே?" என்று இஸ்க்ராவைக் கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்து இன்னும் மேலே ஏற்றினாள். அவர் ஏசுவின் தாயை அழைத்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போனது. தலைமை மருத்துவர் அப்ரீலோவ் சுற்றிவரும்போது முழங்காலைத் தட்டிப் பார்த்து, "கொஞ்சம் இறுக்கமா இருக்கே" என்றார். "வயசு, டாக்டர்" என்றாள் இஸ்க்ரா. அவள் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை.

பிறகு ஒருநாள் காலை, தூக்கம் பிடிக்காமல், நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு ராத்மிலா கூடத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இஸ்க்ரா பாயில் படுத்து ஒரு காலை மெதுவாக மேலே உயர்த்திக்கொண்டிருந்தாள். வெறும் பாதம். ராத்மிலா கதவருகே நின்றுவிட்டார்.

"இன்னொரு தடவை தூக்கு."

இஸ்க்ரா திரும்பிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. தூக்கினாள்.

"அந்தப் பாதத்தை வளைச்சது நான்" என்றார் ராத்மிலா. "முகம் எனக்கு மறந்துடும். எத்தனை முகம்! பாதம் மறக்காது. நீ... குதிச்சு விழுந்தவதானே? நீல ரிப்பன்."

"சிவப்பு ரிப்பன், மேடம்."

அந்த அம்மாள் முட்டாள் இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் உடம்பை வளைத்தவர். தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். நடைச்சட்டத்தைப் பிடித்தபடியே அதை நீட்ட முயன்றார். நீளவில்லை.

"அப்போ அந்தத் தலையணை?"

"ஆமா மேடம்."

"அடி பாவி."

"டாக்டர் எட்டு மணிக்கு வருவார். போய்ச் சொல்லுங்க. என் வேலை போயிடும். நான் இல்லன்னு சொல்லமாட்டேன்."

ராத்மிலா இல்லை என்பதுபோல முகவாயை மேலே வெட்டினார். "கோள் சொல்ற வழக்கம் எனக்கு இல்ல. நூறு கால் வளைச்சிருக்கேன்டி, என் கால் ஒண்ணை வளைச்சுக்கத் தெரியாதா? நீ ஓரமா நின்னு பாரு."

அன்றைக்கே ஆரம்பித்தார். தலையணையை ஜன்னல் வழியே தோட்டத்தில் எறிந்தார். படுக்கை விரிப்பைக் கிழித்துக் கணுக்காலில் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுத்தார். உடற்பயிற்சி சைக்கிளில் ஏறினால் இறங்குவதில்லை. தனக்குத் தானே உரக்க எண்ணினார், திட்டினார்: "இன்னும்! மாடா நீ? இன்னும்!" ராத்மிலா பெண் பிள்ளைகளை எப்படி ஓட்டியிருப்பார் என்று அன்றுதான் எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. மெத்தோதி சிலுவை போட்டுக்கொண்டார்.

முதல் நாள் நீள்வதுபோல இருந்தது. இரண்டாம் நாள் முழங்கால் சிவந்தது. தொட்டால் அடுப்பு. அந்த நிலையில் நிறுத்த வேண்டும். ஐஸ் வைக்க வேண்டும், காலை உயர்த்தி வைக்க வேண்டும், வீக்கம் வடிந்தபின் அளவாகத் தொடங்க வேண்டும். படுத்தே கிடப்பது எப்படி மூட்டைக் கெடுக்குமோ, வெறிபிடித்து ஆட்டுவதும் அப்படியே கெடுக்கும். இஸ்க்ராவுக்குத் தெரியாததா? கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"ஐஸ் வெக்கட்டுமா மேடம்?"

"சோம்பேறிக்கு வை."

"சரிங்க மேடம்" என்றாள். "இன்னும் கொஞ்சம் இழுங்க. நல்லா வருது."

அதைக் கேட்டு நான் சுவர்மேல் எம்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் கண் அந்த முழங்காலிலேயே இருந்தது. பசித்தவர்கள் அடுப்பிலிருக்கிற பனித்சா அப்பத்தைப் பார்க்கிற மாதிரி.

நான்காம் நாள் கூடம் நிறைந்திருந்த நேரம். ராத்மிலா சுவர்க் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்து எழும் பயிற்சி செய்தார். மூன்றாவது முறை இறங்கியவருக்கு ஏற முடியவில்லை. இறங்கவும் முடியவில்லை. முழங்கால் ரொட்டி மாவு போல உப்பியிருந்தது. இரண்டு கையாலும் கம்பியில் தொங்கினார். உதட்டுச் சாயம் மட்டும் முகத்தில் தனியாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் சுண்ணாம்பு.

ஒருவர் தாங்கிப் பிடிக்க ஓடினார். இஸ்க்ரா கையை நீட்டித் தடுத்தாள். "யாரும் தொடவேண்டாம். இவங்க என் நோயாளி."

போய் எதிரில் நின்றாள்.

"வலிக்குதா மேடம்?"

"இல்ல."

"அப்போ எழுந்திருங்க."

ராத்மிலா எழ முயன்றார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைப் பாதியில் விழுங்கினார்.

"வலிக்குதா?"

"இல்லேன்னு சொல்றேன்ல!"

"சரி. நான் காத்திருக்கேன்."

நான் சுவரைச் சுற்றி ஓடிவந்தேன். "இஸ்க்ரா, போதும்" என்றேன். அவள் காதில் ஏறவில்லை. ராத்மிலாவின் விரல்கள் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கின.

"ஒரு வார்த்தைதான் மேடம். நான் எத்தனை தடவை சொன்னேன். உங்களுக்குப் பாஷை தெரியாதுன்னீங்க. இப்போ கத்துக்கிட்டீங்களா?"

"வலிக்குது" என்றார் ராத்மிலா.

"அங்க மெத்தோதி ஐயாவுக்குக் கேக்கல."

"வலிக்குதுடி!" கூடம் அதிர்ந்தது. "வலிக்குது! வலிக்குது! பிடிடி என்னை!"

இஸ்க்ரா பிடித்தாள். விழுவதற்கு ஒரு நொடி முன்னால், இடுப்போடு சேர்த்து, முழங்காலில் துளி பாரம் இறங்காமல். படுக்கவைத்தாள். ஐஸ் எடுத்துவரச் சொன்னாள். அலறல் கேட்டு ஓடிவந்த அப்ரீலோவிடம், "அளவுக்கு மீறி செஞ்சுட்டாங்க டாக்டர், நான் முன்னாடியே நிறுத்தியிருக்கணும்" என்று சொன்னாள். அது பொய்யில்லை. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மாலை இஸ்க்ரா என்னோடு ஒரு கிண்ணம் ராக்கியா சாராயம் குடித்தாள். "பழிவாங்கினா வெறுமையா இருக்கும்னு சொல்வாங்களே அண்ணே," என்றாள், "சுத்தப் பொய். தேன் மாதிரி இருக்கு."

அதற்குப்பின் அவள் ஒழுங்காக வேலை செய்தாள். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து முழங்காலைத் தன் பாரத்தில் தானே நீளவிட்டாள். வெந்நீரில் நடக்க வைத்தாள். வீக்கம் வடிய வடியக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினாள். ராத்மிலா ஒவ்வொரு அசைவுக்கும் "வலிக்குது!" என்று கத்தினார். வருஷக்கணக்கில் அடைத்துவைத்ததெல்லாம் கொட்டுவது போல இருந்தது. சில சமயம் வேண்டுமென்றே கத்துகிறாரோ என்றுகூடத் தோன்றும். "தெரியுது, தெரியுது" என்பாள் இஸ்க்ரா. வேறு பேச்சு இருவருக்கும் நடுவில் கிடையாது. ஆனால் போன நாட்கள் போனவைதான். ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவரை அனுப்பும்போதும் படுத்தால் கால் முழுசாக நீளாமல் முழங்கால் மடிப்புக்கும் மெத்தைக்கும் நடுவே மூன்று விரல் நுழைந்தது. ஊன்றுகோலோடு கொஞ்சம் சாய்ந்து நடந்தார்.

டாக்சியில் ஏறுமுன் இஸ்க்ராவைக் கூப்பிட்டனுப்பினார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் நின்றேன்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்" என்றார். "உன் முதுகு உடைஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். போட்டிக்கு முன்னாடியே கழகத்து டாக்டர் விரல் வெச்சுப் பார்த்துட்டு, இவளைக் குதிக்க விடாதேன்னு சொன்னார். நீ இல்லன்னா குழுவுக்கு இடம் கிடைக்காது. தாங்குவேன்னு நெனைச்சேன். தாங்கல."

இஸ்க்ரா டாக்சிக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"மன்னிப்பு கேக்க வரல. பாதி தெரிஞ்சு வெறுக்கறது அரைகுறை வேலை. எனக்கு அரைகுறை பிடிக்காது." ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்சி வளைவில் மறைகிறவரை அவள் அங்கேயே நின்றாள். "பிடிவாதத்துல, தெரியாம செஞ்சாங்கன்னுதான் இத்தனை நாளும் நெனைச்சேன் அண்ணே" என்றாள். "அதனாலதான் ஐஸ் வெச்சேன்."

திராட்சை பறிக்கிற பருவத்தில் ராத்மிலா திரும்ப வந்தார். கால் நீளாமல் சாய்ந்து சாய்ந்து நடந்ததில் இப்போது இடுப்பும் முதுகும் பிடித்துக்கொண்டன. உட்கார்ந்தால் வலி, எழுந்தால் வலி. பதிவு மேசையில் ஊன்றுகோலால் தட்டி, "இஸ்க்ராகிட்ட போடு. வேற யாரும் வேண்டாம். அவ ஒருத்திக்குத்தான் என்னை வலிக்க வைக்கத் தெரியும்" என்றார்.

பட்டியலைப் பார்த்து இஸ்க்ரா தன் பெயரை அடித்துவிட்டு லூபென் என்று எழுதினாள். லூபென் எங்களில் ரொம்ப நல்ல மனுஷன். நோயாளி முகம் சுளித்தால் அவனுக்குக் கண் கலங்கிவிடும். அவனிடம் வந்தவர்கள் எல்லாரும் அவனை வாழ்த்துவார்கள், வந்த மாதிரியே திரும்பிப் போவார்கள்.

"சட்டப்படி ஒரு தப்பும் இல்லையே அண்ணே" என்றாள் என்னிடம்.

சுவருக்கு அந்தப் பக்கம் லூபெனின் குரல் கேட்டது: "லேசா வலிச்சாலும் சொல்லுங்க மேடம், உடனே நிறுத்திடறேன்."

"நிறுத்தாதேடா மடையா! இழு! இஸ்க்ரா! ஏய், இஸ்க்ரா! நீ வாடி!"

இஸ்க்ரா கூடத்தின் மறுகோடியில், குதிரையிலிருந்து விழுந்த ஒரு விவசாயியின் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் பல்லைக் கடித்து அழுதுகொண்டிருந்தான். அவள் திரும்பவே இல்லை.

மூன்று வாரம் லூபெனின் மென்மையில் இருந்துவிட்டு ராத்மிலா போனார். போகும்போது இரண்டு ஊன்றுகோல். பனி விழத் தொடங்கியபின் வீட்டைவிட்டு இறங்குவதே இல்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். அப்போது இஸ்க்ரா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"தூக்கம் வருதா உனக்கு?" என்று கேட்டேன்.

"வருது அண்ணே" என்று, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் ஆட்டுகிறபடி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "ரொம்ப நல்லா வருது."